முன்னும் பின்னும் பார்த்தால் பொருள் தெரியும்

கருத்துணர்தல் தேர்வில் அறியாத சொல்லுக்குப் பொருள் காணும் முறை குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை



கோலாலம்பூரில் ஒரு வீட்டில் அம்மா சொல்கிறார்: "தீபாவளிக்குப் புடவை எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகவேண்டும்." பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார்: "வெள்ளிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவில் தொழுதுவிட்டு வருகிறேன்." இரண்டு பேச்சிலும் பெயர் ஒன்றுதான். ஆனாலும் அம்மா பள்ளிவாசலில் புடவை வாங்கப் போகிறார் என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. பெரியவர் துணிக்கடையில் தொழப் போகிறார் என்றும் நினைப்பதில்லை.

மஸ்ஜித் இந்தியா என்பது முதலில் 1863-ஆம் ஆண்டில் எழுந்த ஒரு பள்ளிவாசலின் பெயர். இன்றுள்ள கட்டடம் 1966-இல் அமைந்தது. அங்கே வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் தமிழில் நடைபெறுவது பலரும் அறிந்த செய்தி. பள்ளிவாசலின் பெயர் பிறகு சாலைக்கு வந்தது. சாலையின் பெயர், துணிக்கடையும் நகைக்கடையும் மளிகைக்கடையும் நிறைந்த அந்த வட்டாரம் முழுவதற்கும் ஆகிவந்தது. ஒரே பெயருக்கு இப்போது மூன்று பொருள். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. 'புடவை' என்ற சொல்லும் 'தொழுதுவிட்டு' என்ற சொல்லும் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

வீட்டில் இவ்வளவு கூர்மையாகப் பொருள் காணும் அதே குழந்தை, தேர்வுத்தாளில் தெரியாத ஒரு சொல்லைக் கண்டவுடன் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. "இந்தச் சொல்லை ஆசிரியர் சொல்லிக் கொடுக்கவில்லையே" என்கிறது. வீட்டில் இருந்த திறமை தேர்வு அறையில் எங்கே போயிற்று? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

ஒரு சொல், இரண்டு கேள்வி

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கருத்துணர்தல் புதியதன்று. 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. படிவம் மூன்றுக்கான பி.தி.3 தேர்வு 2022-இல் அகற்றப்பட்டது. தேர்வுகளின் பெயர் மாறினாலும், ஒரு பகுதியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேட்கும் முறை மாறவில்லை. எஸ்.பி.எம். வரைக்கும் அது தொடர்கிறது. தமிழ்த் தாளில் மட்டுமின்றி, மலாய் மொழித் தாளிலும் ஆங்கிலத் தாளிலும் அதே வேலைதான் காத்திருக்கிறது.

"சொற்பொருள் கேள்விக்கு ஒன்றிரண்டு புள்ளிகள்தானே, போனால் போகட்டும்" என்று சிலர் நினைப்பதுண்டு. அது சரியான கணக்கன்று. கீழே உள்ள சிறு பகுதியைப் பாருங்கள். இந்த உரைக்காகவே எழுதப்பட்டது இது.

"நோன்புப் பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. ஆயினும், அந்த ஆண்டு கடைத்தெருவில் வியாபாரம் மந்தமாகவே இருந்தது. சென்ற ஆண்டு நிற்க இடமில்லாத கடையில் இப்போது இரண்டு மூன்று பேரே துணி பார்த்துக்கொண்டிருந்தனர். முதலாளி கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். வேலையாள்களைக் குறைக்கலாமா என்று மகன் கேட்டான். அதற்கு அவர் இணங்கவில்லை. 'இருபது ஆண்டு உடன் உழைத்தவர்களை எப்படி அனுப்புவது?' என்றார்."

முதல் கேள்வி: 'இணங்கவில்லை' என்பதன் பொருள் யாது? இரண்டாவது கேள்வி: முதலாளியின் பண்பு யாது?

'இணங்கவில்லை' என்பதை ஒரு மாணவன் 'காதில் வாங்கவில்லை' என்று எடுத்துக்கொண்டால், முதல் கேள்வி போகும். அதோடு நிற்காது. முதலாளி மகனைப் பொருட்படுத்தாதவர் என்று இரண்டாவது விடையையும் எழுதிவிடுவான். வருமானம் குறைந்த வேளையிலும் உழைத்தவர்களைக் கைவிடாத நல்ல மனிதர், அவன் விடைத்தாளில் மகனை அலட்சியம் செய்யும் தந்தையாகிவிடுகிறார். ஒரு சொல் தவறினால் ஒரு மனிதரின் குணமே மாறிப்போகும்.

பட்டியல் போதுமா?

இந்த அச்சத்தால்தான் பல பெற்றோர்கள் சொற்பொருள் பட்டியல்களைத் தேடுகிறார்கள். பயிற்சி நூலின் பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள அருஞ்சொற்களைப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். மனனம் தமிழுக்குப் புதிய பழக்கமன்று. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தவர்கள் பலர். அந்தப் பயிற்சி அவர்களுக்குச் சொல்வளம் கொடுத்தது உண்மை. அத்துடன் அவர்கள் அந்தச் சொற்கள் வரும் செய்யுள்களையும் தொடர்ந்து படித்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. படித்த சொல்லை மறுநாள் பாட்டில் சந்தித்தார்கள்.

இன்றைய பட்டியலில் உள்ள சொல்லை மாணவன் அடுத்து எங்கே சந்திக்கிறான்? பல வேளைகளில் எங்குமே சந்திப்பதில்லை. தேர்வு முடிந்தவுடன் பட்டியலும் முடிந்துவிடுகிறது. அத்துடன் பட்டியல் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளைத்தான் தரும். 'படி' என்றால் என்ன? "பாட்டி படியில் தடுக்கி விழுந்தார்" என்றால் ஒன்று. "பாட்டி ஒரு படி அரிசி அளந்தார்" என்றால் வேறு. "அடையாள அட்டையின் படியை இணைக்கவும்" என்றால் இன்னொன்று. 'படி' என்பதற்கு எதிரே 'வாசி' என்று மட்டும் எழுதி மனனம் செய்தவன் மூன்று இடத்திலும் தடுக்கி விழுவான்.

பட்டியலை எறிந்துவிட வேண்டும் என்பது பொருளன்று. பட்டியலில் இல்லாத சொல் வந்தால் என்ன செய்வது என்பதையும் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதே செய்தி.

தொல்காப்பியம் காட்டும் மூன்று வழிகள்

சூழலைக் கொண்டு பொருள் காண்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதிய முறை என்று பலர் எண்ணுகிறார்கள். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. பல பொருள் தரும் ஒரு சொல் வாக்கியத்தில் வந்தால், அதன் பொருளைத் தெளிய மூன்று துணைகள் உண்டு என்கிறது கிளவியாக்கம். அவை வினை, இனம், சார்பு. உரியியலிலும் இதே எண்ணம் வருகிறது. அரிய சொற்களுக்கு முன்னால் நிற்பதையும் பின்னால் வருவதையும் ஆராய்ந்து பொருள் கொள்ள வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்க வேண்டும் என்பதும் அங்கேதான் உள்ளது.

உரையாசிரியர்கள் இதற்கு 'மா' என்ற சொல்லை எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். மா என்றால் மாமரம். மா என்றால் குதிரை. மா என்றால் விலங்கு. மா பூத்தது என்றால் பூப்பது மரம் என்பதால் மாமரம் என்று வினை காட்டிவிடுகிறது. மாவையும் மருத மரத்தையும் சேர்த்துச் சொன்னால், உடன் நிற்கும் மரம் இது மரம் என்று சொல்லிவிடுகிறது. அதுவே இனம். போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் மாவைக் கொண்டுவா என்றால், அவன் கேட்பது குதிரை. அது சார்பு. அந்த வாக்கியத்துக்குள் குதிரையைக் காட்டும் சொல் எதுவும் இல்லை. அவன் நிற்கும் நிலைதான் காட்டுகிறது.

இந்த மூன்றையும் இன்றைய மாணவன் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம்.

வினை: இந்தச் சொல் என்ன செய்கிறது, அல்லது இதை என்ன செய்கிறார்கள்? மேலே கண்ட 'படி' அப்படித்தான் பிரிகிறது. தடுக்கினால் ஏணிப்படி அல்லது வாசற்படி. அளந்தால் அளவு. இணைத்தால் நகல்.

இனம்: இந்தச் சொல்லோடு யார் யார் நிற்கிறார்கள்? "ஊசியும் நூலும் பொத்தானும் வாங்கினாள்" என்றால் நூல் தையல் நூல். "அகராதியும் இலக்கண நூலும் வாங்கினாள்" என்றால் நூல் புத்தகம். வாங்கினாள் என்ற வினை இரண்டிலும் ஒன்றுதான். அதனால் வினை இங்கே உதவவில்லை. பக்கத்தில் நிற்கும் பொருள்களே உதவுகின்றன.

சார்பு: யார், எங்கே, எந்த நிலையில் பேசுகிறார்கள்? மலேசிய மாணவர்களுக்கு நன்கு தெரிந்த சொல் 'படிவம்'. பள்ளி அலுவலகத்தில் எழுத்தர், "படிவம் எங்கே?" என்று கையை நீட்டினால் அது பூர்த்தி செய்த தாள். கல்யாண வீட்டில் மாமா, "இப்போது எந்தப் படிவம்?" என்று கேட்டால் அது வகுப்பு. பதில் சொல்லும் பிள்ளை ஒரு நொடியும் தயங்குவதில்லை.

சொல்லின் உருவமும் ஒரு சாட்சி

இந்த மூன்றோடு, சொல்லின் உருவத்தையும் பார்க்க வேண்டும். தமிழில் சொல்லின் கடைசிப் பகுதி நிறையச் செய்தி சொல்லும். 'ஆக' என்று முடிந்தால் ஒரு செயல் எப்படி நடந்தது என்று காட்டும். 'ஆன' என்று முடிந்தால் ஒரு பொருளின் தன்மையைக் காட்டும். ஐ, ஆல், கு போன்ற வேற்றுமை உருபுகள் அந்தச் சொல் வாக்கியத்தில் எந்த வேலை செய்கிறது என்று சொல்லும். பொருள் தெரியாத சொல்லாக இருந்தாலும், அது பெயரா வினையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆனால் உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மஸ்ஜித் இந்தியா சாலையின் நடைபாதையில் நிலம் திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த பெண்மணி ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழமான குழிக்குள் விழுந்து காணாமல் போனார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 31-ஆம் நாள் தேடும் பணி நிறுத்தப்பட்டது. நாடே கவலையோடு கவனித்த அந்த நாள்களில் 'நில அமிழ்வு' என்ற சொல் தமிழ்ச் செய்திகளில் வந்தது. பல குழந்தைகளுக்கு அது பழகாத சொல்.

'அமிழ்வு' என்பதைத் தனியாகப் பார்த்தால், செய்யுள் பாடத்தில் படித்த 'அமிழ்து' நினைவுக்கு வரலாம். எழுத்து ஒத்துப்போகிறது; பொருள் எட்டாத தொலைவில் இருக்கிறது. செய்தியின் மற்றச் சொற்களைச் சேர்த்துப் படித்தால் குழப்பம் நீங்கும். நிலம், குழி, ஆழம், விழுந்தார், மீட்புப் பணி. இவ்வளவு சொற்களும் ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன. நிலத்துக்கு ஏதோ நேர்ந்து, அது கீழே போயிருக்கிறது. அமிழ்தல் என்றால் மூழ்குதல், கீழே இறங்குதல் என்று அகராதியைப் பார்க்காமலே ஒரு குழந்தை நெருங்கிவிடலாம். உருவம் வழிகாட்டியது ஓரளவு. அதைச் சரிபார்த்தது சூழல்.

அந்தச் செய்தியில் சொற்பொருள் தேர்வுப் புள்ளிக்கான விஷயமாக இல்லை. "அந்த நடைபாதையில் போகாதே" என்று அப்பா ஏன் சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளும் விஷயமாக இருந்தது.

தேர்வு அறையில் செய்ய வேண்டியவை

இப்போது துணிக்கடை முதலாளியின் பகுதிக்குத் திரும்பலாம். அதில் 'மந்தமாகவே' என்ற சொல்லுக்குக் கோடிட்டுப் பொருள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவன் என்ன செய்யவேண்டும்?

முதலாவதாக, அந்தச் சொல்லில் நின்றுவிடக் கூடாது. பகுதியை இறுதிவரை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். பொருளைக் காட்டும் குறிப்பு பல வேளைகளில் அடுத்த வாக்கியத்தில்தான் இருக்கும். தெரியாத சொல்லிலேயே நின்றவனுக்கு அந்தக் குறிப்பு கண்ணில் படாது.

இரண்டாவதாக, அது எவ்வகைச் சொல் என்று பார்க்க வேண்டும். 'மந்தமாக' என்று முடிவதால், வியாபாரம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் சொல்.

மூன்றாவதாக, இணைப்புச் சொற்களைக் கவனிக்க வேண்டும். 'ஆயினும்', 'ஆனால்', 'இருப்பினும்' ஆகியவை வந்தால் முன்னே சொன்னதற்கு மாறான ஒன்று பின்னே வருகிறது. 'ஆகவே', 'அதனால்' வந்தால் விளைவு வருகிறது. 'அதாவது' வந்தால் விளக்கமே வருகிறது. இங்கே 'ஆயினும்' வந்திருக்கிறது. பெருநாள் நெருங்கினால் வியாபாரம் பெருகவேண்டும். அதற்கு மாறாக ஏதோ நடந்திருக்கிறது.

நான்காவதாக, அண்டை வாக்கியங்களைப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு நிற்க இடமில்லை. இந்த ஆண்டு இரண்டு மூன்று பேர். முதலாளி பெருமூச்சு விடுகிறார். இவை எல்லாம் குறைவையே காட்டுகின்றன. பாட்டி "வயிறு மந்தமாக இருக்கிறது" என்று சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு இன்னொரு துணையும் கிடைக்கும். வயிற்றில் செரிமானம் சுறுசுறுப்பாக இல்லை. கடையில் வியாபாரம் சுறுசுறுப்பாக இல்லை.

ஐந்தாவதாக, கொடுத்த விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே சொந்தமாக ஒரு சொல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். விடைகளை முதலில் பார்த்தால், அவற்றில் நன்கு பழகிய சொல் மனத்தை இழுத்துவிடும். "தையல் தொழில் அவருக்குக் கை கொடுத்தது" என்ற வாக்கியத்துக்குக் 'கை குலுக்கியது' என்று ஒரு விடை இருந்தால், 'கை' என்ற சொல்லைக் கண்டு அதைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் இருக்கிறார். தொழில் கை குலுக்குமா என்று ஒருமுறை கேட்டிருந்தால் 'உதவியது' என்ற விடை கிடைத்திருக்கும். மரபுத்தொடர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பொருள் பார்க்கக் கூடாது என்பதற்கும் இது எடுத்துக்காட்டு.

ஆறாவதாக, நினைத்த சொல்லை அந்த இடத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். "வியாபாரம் குறைவாகவே இருந்தது." வாக்கியம் ஓடுகிறது, அடுத்த வாக்கியத்தோடும் பொருந்துகிறது. வைக்கும் சொல்லுக்கும் அதே உருபு, அதே முடிவு இருக்கவேண்டும். 'மந்தமாக' என்பதற்கு 'குறைவு' என்று மட்டும் எழுதுவதைவிடக் 'குறைவாக' என்று எழுதுவது முறை.

இதே வழியில் 'இணங்கவில்லை' என்பதையும் பாருங்கள். அதற்கு முன் ஒரு யோசனை வருகிறது. அதற்குப் பின் "எப்படி அனுப்புவது?" என்ற பதில் வருகிறது. பதில் சொன்னவர் யோசனையைக் காதில் வாங்கியிருக்கிறார். ஆகவே 'கேட்கவில்லை' பொருந்தாது. 'ஒப்புக்கொள்ளவில்லை' பொருந்துகிறது. இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

சூழலும் ஏமாற்றும்

இந்த முறை எப்போதும் வெற்றி தரும் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அது பொய்யாகும். 1983-இல் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எலன் மெக்காஸ்லின் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் எல்லாச் சூழல்களும் ஒரே தரமானவை அல்ல என்று எடுத்துக்காட்டினார்கள். சில சூழல்கள் பொருளை நேராகக் காட்டும். சில ஓரளவு காட்டும். சில எதையும் காட்டா. சில தவறான பொருளுக்கே அழைத்துச் செல்லும்.

"மேடையில் இருந்தவர் ஒரு சான்றோர் என்பதை அனைவரும் அறிந்தனர்." இந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, 'சான்றோர்' என்றால் என்ன என்று கேட்டால் குழந்தை என்ன செய்யும்? பாடகரா, அமைச்சரா, வயதானவரா? எதை வைத்தாலும் வாக்கியம் ஓடும். இங்கே தவறு குழந்தையுடையதன்று, கேள்வி அமைத்தவருடையது. பயிற்சி நூல் எழுதுவோரும் பள்ளித் தேர்வுத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். சூழலில் குறிப்பு இல்லாமல் சூழலுக்கேற்ற பொருள் கேட்பது முறையாகாது.

இன்னொன்று: "அந்த இளைஞர் மிகச் சிக்கனமாக வாழ்ந்தார். நண்பர்கள் அவரைக் கேலி செய்தனர்." கேலி என்ற சொல்லைப் பார்த்தவுடன், சிக்கனம் ஏதோ கெட்ட பழக்கம், கஞ்சத்தனம் என்று மாணவன் முடிவு கட்டலாம். அடுத்த வாக்கியம், "தங்கையின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டபோது அவருடைய சேமிப்பே உதவியது" என்று வந்தால் அந்த முடிவு தவறு என்று தெரியும். ஆகவே முதல் ஊகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. படிக்கப் படிக்க அதைத் திருத்திக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

தெரியாத சொற்கள் மிகுந்தால் சூழலே இல்லாமல் போய்விடும் என்பதும் உண்மை. 2000-ஆம் ஆண்டில் ஹூ, பால் நேஷன் ஆகியோர் ஆங்கிலக் கதைப் பகுதியை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். பிறர் உதவியின்றி நன்கு புரிந்துகொள்ள, பகுதியிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஐம்பது சொல்லுக்கு ஒரு சொல் தெரியாமலிருந்தால் சமாளிக்கலாம். தமிழ்ச் சொல் உருபுகளோடு சேர்ந்து நீளும் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே தமிழுக்கு ஏற்ற முடியாது. என்றாலும் அதன் கருத்து தமிழுக்கும் பொருந்தும். பத்துக்கு ஒரு சொல் தெரியாத பிள்ளையிடம் "சூழலைப் பார்" என்று சொல்லிப் பயனில்லை. அவனுக்கு முதலில் எளிய நூல்கள் வேண்டும்.

ஒருமுறை பார்த்த சொல் மனத்தில் தங்கிவிடும் என்றும் எண்ணக் கூடாது. ஸ்வான்போர்ன், டி குளோப்பர் என்ற இருவர் 1999-இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். இயல்பாக வாசிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சுமார் 15 விழுக்காடே கற்றுக்கொள்ளப்படுகிறது என்று கண்டனர். நூறு புதிய சொல்லுக்குப் பதினைந்து. குறைவுதான். ஆனால் நாள்தோறும் வாசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து சேர்ந்துகொண்டே போகும். வாசிக்காத பிள்ளைக்குச் சேர்வதற்கு எதுவும் இல்லை.

வீட்டிலும் வகுப்பிலும்

பெற்றோர்கள் செய்யக்கூடிய எளிய உதவி ஒன்று உண்டு. நாளிதழைப் படிக்கும் பிள்ளை, "அம்மா, இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும், "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். விடை தவறாக இருந்தாலும், காட்டும் காரணம் சரியாக இருந்தால் பிள்ளை வழியில்தான் போகிறது. விடை சரியாக இருந்து காரணம் சொல்லத் தெரியாவிட்டால், அது குருட்டாம்போக்கில் கிடைத்த விடையாக இருக்கலாம்.

அதன் பிறகு அகராதியைத் திறக்க வேண்டும். ஊகம் அகராதிக்கு மாற்றன்று. அகராதியிடம் போவதற்கு முன் எடுத்துக்கொள்ளும் தயாரிப்பு. சொல் வாக்கியத்தில் எப்படி வரும் என்பதை எடுத்துக்காட்டுடன் தரும் அகராதியாக இருந்தால் நல்லது. 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி அவ்வாறு எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தருகிறது. தானாக ஊகித்து, பிறகு சரிபார்த்த சொல்லைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

வகுப்பில் ஆசிரியர்களும் கோடிட்ட சொல்லின் பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கு முன், ஐந்து நிமிடம் மாணவர்களைப் பேசவிடலாம். மூன்று மாணவர் மூன்று பொருள் சொல்லட்டும். எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று அவர்களே வாதாடட்டும். அந்த ஐந்து நிமிடத்தால் பாடத்திட்டம் பின்தங்கிவிடாது.

தேர்வுக்கு அப்பால்

ஆறாம் ஆண்டு முடிந்தவுடன் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே மற்றப் பாடங்கள் வேறு மொழியில் நடக்கின்றன. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது; அதையும் எடுக்காதவர்கள் உண்டு. வீட்டில் பேசும் தமிழில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருக்கின்றன. நூலிலும் நாளிதழிலும் வரும் தமிழ்ச் சொற்கள் பல, அவர்கள் காதில் விழுவதே இல்லை. இனி யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியல் கொடுக்கப்போவதில்லை.

அந்த நாளில் ஒரு தமிழ் நாளிதழ் கைக்குக் கிடைத்தால், முதல் பத்தியில் இரண்டு சொல் புரியவில்லை என்று மடித்து வைத்துவிடுவாரா? அல்லது, "இருக்கட்டும், அடுத்த வாக்கியத்தைப் பார்ப்போம்" என்று தொடர்ந்து படிப்பாரா? பதினோரு, பன்னிரண்டு வயதில் அவர் பெற்ற பழக்கமே இதற்கு விடை சொல்லும். கருத்துணர்தல் தாளில் கிடைக்கும் புள்ளி அந்த ஆண்டோடு போய்விடும். தெரியாத சொல்லைக் கண்டு அஞ்சாத பழக்கம் வாழ்நாள் முழுவதும் தமிழை வாசிக்க வைக்கும்.

பிள்ளைகளுக்கு இந்தத் திறமையைப் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை. மஸ்ஜித் இந்தியா என்று அம்மா சொன்னால் கடைத்தெரு, பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னால் பள்ளிவாசல் என்று அறியும் பிள்ளையிடம் அது முன்பே இருக்கிறது. அதைத் தேர்வு அறைக்குள்ளும் எடுத்துச் செல்லலாம் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.